கேட்கக் கேட்கத் தேயும் ஒலி

பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: வாங்கியதைப் பத்திரமாகப் பூட்டி வைத்தால் அது அப்படியே இருக்கும். செப்புக்காசுக்கும் வெண்கல விளக்குக்கும் அது சரி. 1880களின் கடைசியிலிருந்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இசையைத் தாங்கி வந்த மெழுகு உருளைகளுக்கு அது சரிவராது. போட்டுக் கேட்டால் ஊசி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒலியைச் சுரண்டிக்கொண்டு போகிறது. கேட்காமல் பெட்டியிலேயே வைத்திருந்தால் ஈரமும் பூஞ்சையும் அந்த வேலையைச் செய்கின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த உருளைகளைத் தேடித்தேடி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வம் மதிக்கத்தக்கது. அவர்கள் இல்லையென்றால் முதல் தலைமுறை ஒலிப்பதிவுகளில் பல குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் உருளை அலமாரிக்கு வந்து சேர்ந்ததும் சேகரிப்பு முடிந்துவிட்டதாக நினைப்பது பிழை. உள்ளே இருக்கும் ஒலியை ஒருமுறை நன்றாக எடுத்து, பிரதி செய்து, உரியவர்களுக்குக் கிடைக்கும்படி வைத்த பிறகே அது முடிகிறது. மெழுகின் வேதியியலும் அந்தக் காலப் பதிவுமுறையின் வரலாறும் இந்த முடிவுக்குத்தான் நம்மைக் கொண்டுவருகின்றன.

1877-ல் தாமஸ் எடிசன் செய்த முதல் போனோகிராஃப், வெள்ளீயத் தாளில் ஒலியைப் பதித்தது. சில முறை ஓட்டினாலே அந்தத் தாள் வீணாகிவிடும். 1880களில் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் வோல்டா ஆய்வகத்தில் சிச்செஸ்டர் பெல், சார்லஸ் சம்னர் டெய்ன்டர் இருவரும் மெழுகில் தடம் வெட்டும் முறையை உருவாக்கி 1886-ல் காப்புரிமை பெற்றார்கள். எடிசன் 1888-ல் முழுக்க மெழுகாலான உருளைக்கு மாறினார். ஒலியைப் பெருக்கித் தர மின்கருவி எதுவும் அப்போது கிடையாது. பாடகர் ஒரு கூம்புக்குள் உரக்கப் பாடுவார். கூம்பின் முனையில் உள்ள மெல்லிய கண்ணாடித் தகடு அதிரும். தகட்டோடு இணைந்த வெட்டூசி மேலும் கீழும் அசைந்து, சுழலும் மெழுகில் ஆழம் மாறிக்கொண்டே போகும் தடத்தை வெட்டும். பிறகு வந்த கிராமபோன் தட்டில் ஊசி பக்கவாட்டில் அசைந்தது. உருளையில் அது செங்குத்தாக ஏறி இறங்கியது. தமிழ் இசை பெரும்பாலும் தட்டுகளில்தான் பதிவானது என்பதால், இந்த வேறுபாடு நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை.

இந்தத் தடத்தின் அளவுகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வழக்கமான உருளையின் நீளம் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். விட்டம் ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர். அங்குலத்துக்கு நூறு தடங்கள். அதாவது ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கால் மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 160 சுற்று என்ற வேகத்தில் இரண்டு நிமிடம் ஓடினால், ஊசி கடக்கும் மொத்தத் தொலைவு சுமார் 55 மீட்டர். அந்த 55 மீட்டரிலும் பாட்டாக இருப்பது சில மைக்ரான் அளவிலான மேடுபள்ளம் மட்டுமே. தலைமுடி ஒன்றின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல் வரும். ஒரு பாடகரின் குரல்வளமும் பியானோக்காரரின் விரல் அழுத்தமும் இவ்வளவு சிறிய உயர வேறுபாட்டில் அடங்கிக் கிடக்கும்போது, மேற்பரப்பில் ஏற்படும் மிகச் சிறிய சேதமும் ஒலியில் ஏற்படும் சேதமாகவே இருக்கும்.

அந்த மேற்பரப்பு எதனால் ஆனது? ஆரம்ப காலத்துப் பழுப்பு நிற உருளைகளை மெழுகு என்று அழைத்தாலும், வேதியியல்படி அவை பெரும்பாலும் உலோகச் சோப்பு. ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் காரத்தோடும் அலுமினியச் சேர்மத்தோடும் சேர்த்துக் காய்ச்சி, கொஞ்சம் கனிம மெழுகும் கலந்து வார்த்தார்கள். குரலின் வலுவை மட்டுமே நம்பி வெட்டூசி உழ வேண்டியிருந்ததால், பொருள் மென்மையாக இருந்தே ஆகவேண்டும். அந்த மென்மை இல்லாமல் பதிவே இல்லை. அதே மென்மைதான் தேய்மானத்துக்கும் காரணம். ஒலிக்கும்போது நீலக்கல் முனை எடையோடு தடத்தில் அழுந்தி ஓடுகிறது. கயிறு ஓடி ஓடிக் கிணற்றுக் கல்லில் பள்ளம் விழுவதைப் போல, ஊசி ஓடி ஓடி மேடுகள் மழுங்குகின்றன. நெருக்கமான நுண்ணிய அலைகள் முதலில் போகும். அதாவது சொற்களைத் தெளிவாக்கும் மெய்யொலிகளும் குரலின் பளபளப்பும் முதலில் மறையும். 1889 டிசம்பரில் வியன்னாவில் யோஹன்னஸ் பிராம்ஸ் பியானோ வாசித்ததை எடிசனின் பிரதிநிதி தியோ வாங்கமன் உருளையில் பதிவுசெய்தார். ஒரு பெரும் இசைமேதை தன் படைப்பைத் தானே வாசித்த பதிவு அது. இன்று நமக்குக் கிடைப்பதோ இரைச்சலுக்கு அடியில் மங்கலாகக் கேட்கும் பியானோ மட்டுமே.

அப்படியானால் தொடாமல் வைத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் பலிக்காது. கொழுப்பு அமிலம் பூஞ்சைக்கு உணவு. ஈரக்காற்று படும் இடத்தில் உருளையின் மேல் வெண்புள்ளிகள் தோன்றும். பூஞ்சை உண்ட இடம் குழியாகும். பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் குழி போகாது. உருளையைப் பாதுகாக்கத் தந்த அட்டைப் பெட்டியின் பஞ்சு உள்ளுறையே ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது. வெப்பநிலை மாற்றமும் ஆபத்துதான். குளிர்ந்திருக்கும் பழுப்பு உருளையைச் சூடான கையால் வெளிப்புறமாகப் பிடித்தாலே அது விரிசல் விடக்கூடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் இரண்டு விரல்களை உருளையின் உள் துளைக்குள் விட்டு, மெல்ல விரித்துத் தூக்குகிறார்கள். இயந்திரத்தின் தண்டிலேயே மாட்டிவிட்டுப் போனால், குளிரும்போது மெழுகு சுருங்கி, உலோகத் தண்டை இறுக்கி, பிளந்துவிடும். எதுவும் செய்யாமல் இருந்தால் அழிவின் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது.

எந்தப் பொருளும் ஒருநாள் அழியத்தான் செய்யும், இதற்கு மட்டும் ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்கலாம். பதில், உருளைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரட்டைப் பிறவி கிடையாது என்பதுதான். எடிசன் நிறுவனம் 1902-ல் அச்சில் வார்த்த கறுப்பு உருளைகளைச் சந்தைக்குக் கொண்டுவரும் வரை, ஒரு பதிவைப் பெருமளவில் படியெடுக்க நல்ல வழி இல்லை. பாடகரின் முன்னால் பல இயந்திரங்களை வரிசையாக வைத்து, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தார்கள். ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுக்கும் முறையும் இருந்தது. ஆனால் மூலம் சீக்கிரம் தேய்ந்துவிடும். 1890களில் அமெரிக்காவெங்கும் புகழ்பெற்றிருந்த கறுப்பினப் பாடகர் ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன், தன் சிரிப்புப் பாட்டை ஆயிரக்கணக்கான முறை பாடவேண்டியிருந்தது. அவருடைய பத்துப் பழுப்பு உருளைகள் கிடைத்தால், தலைப்பு ஒன்றாக இருந்தாலும், அவற்றில் பல வெவ்வேறு வேளைகளில் சிரித்த வெவ்வேறு சிரிப்புகளாக இருக்கலாம். 'இந்தப் பாட்டு ஏற்கெனவே காப்பகத்தில் இருக்கிறது' என்று சொல்லி ஒரு பழுப்பு உருளையை ஒதுக்கும்போது, வேறெங்கும் இல்லாத ஒரு பதிவை ஒதுக்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

கடையில் விற்ற உருளைகளைவிட, வீட்டில் பதிவுசெய்தவை இன்னும் அரியவை. கிராமபோன் தட்டால் செய்யமுடியாத ஒன்றைப் போனோகிராஃப் செய்தது: வாங்கியவரே அதில் பதிவும் செய்யலாம். பிடிக்காவிட்டால் மேற்பரப்பைச் சீவிவிட்டு மீண்டும் பதியலாம். அப்படிச் சீவாமல் தப்பிய உருளைகளில் குழந்தைகளின் பேச்சும், கூடத்தில் வாசித்த வாத்தியமும், விருந்தாளிகளின் வேடிக்கைப் பேச்சும் இருக்கின்றன. பெரிய பெயர்களைத் தேடும் சந்தையில் இவற்றுக்கு நீண்ட காலம் மதிப்பில்லை. தலைப்பு இல்லாத உருளையை வெற்று உருளையாகக் கருதியவர்களும் உண்டு. சில சேகரிப்பாளர்கள் மட்டும் பிடிவாதமாக இவற்றைத் திரட்டினார்கள். அவர்கள் திரட்டியவை சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்துசேர்ந்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2014-ஆம் ஆண்டுக்கான தேர்வில் இடம்பெற்றன. சாதாரண மக்கள் அன்றாடம் எப்படிப் பேசினார்கள், எப்படிப் பாடினார்கள் என்பதற்கு அந்தக் காலத்திலிருந்து நமக்குள்ள நேரடிச் சான்று அனேகமாக இவைதான்.

கள ஆய்வாளர்களின் உருளைகளில் இந்தத் தனித்தன்மை உச்சத்துக்குப் போகிறது. 1890 மார்ச்சில் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் காலிஸ் ஊரில் பாசமாகுவாடிப் பழங்குடி மக்களின் பாடல்களையும் கதைகளையும் பதிவுசெய்தார். களத்தில் செய்த இனவரைவியல் ஒலிப்பதிவுகளில் நமக்குத் தெரிந்து முதலாவது அது. டாஸ்மேனியப் பழங்குடிப் பெண்ணான ஃபேனி காக்ரேன் ஸ்மித் 1899-லும் 1903-லும் பாடிய உருளைகள் இல்லையென்றால், அந்தத் தீவின் பழைய பாடல்களை அந்தத் தலைமுறையின் குரலிலேயே கேட்க நமக்கு வேறு வழியே இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஹெர்ஸ்ட் மானுடவியல் அருங்காட்சியகத்தில் 1900-க்கும் 1938-க்கும் இடையே பதிவான சுமார் 2,700 உருளைகள் இருக்கின்றன; 78 பழங்குடி மொழிகள் அவற்றில் ஒலிக்கின்றன. அவற்றில் பல மொழிகளை இன்று சரளமாகப் பேச ஆளில்லை. தம் மொழியை மீட்டெடுக்க முயலும் சமூகங்களுக்கு உச்சரிப்பும் மெட்டும் இந்த மெழுகில்தான் இருக்கின்றன.

இவையெல்லாம் நிறுவனங்களின் வேலை, தனிச் சேகரிப்பாளருக்கு இதில் என்ன பொறுப்பு என்ற கேள்விக்கு லயனல் மேப்பிள்சனின் உருளைகள் பதில் சொல்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் நூலகராக இருந்த அவர், 1901-லிருந்து 1903 வரை, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மேடைக்கு மேலே இருந்த நடைபாலத்திலிருந்து பெரிய கூம்பை நீட்டிப் பதிவுசெய்தார். துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் சில நிமிடங்களே. இரைச்சல் மிகுந்த அந்தப் பதிவுகளில், முழு வாத்தியக் குழுவோடும் கைதட்டலோடும் ஒரு தலைமுறைப் பாடகர்களைக் கேட்கலாம். பெரும்புகழ் பெற்ற ஜான் டி ரெஷ்கேயின் குரலைக் கேட்க இன்று வேறு பதிவே இல்லை. 1930களின் பிற்பகுதியில் வில்லியம் செல்ட்சம் என்ற இசைத்தட்டு ஆர்வலர் மேப்பிள்சனை அணுகி உருளைகளைப் பெற்று, அவற்றைத் தட்டுகளில் மறுபதிவு செய்து வெளியிட்டார். அதன் பிறகே உலகம் அவற்றை அறிந்தது. இன்று அந்தத் தொகுப்பு நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. எஞ்சியிருந்த சில உருளைகளை மேப்பிள்சன் குடும்பத்தார் 2022-ல்தான் நூலகத்திடம் தந்தார்கள். ஒரு குடும்பம் பத்திரமாக வைத்திருந்ததால் அவை பிழைத்தன. வெளியே வந்ததால் அவை வரலாற்றின் பகுதியாயின. இரண்டுமே வேண்டும்.

இங்கே சேகரிப்பாளர்கள் நேர்மையாக ஒரு மறுப்பைச் சொல்வார்கள்: இந்த உருளை பழைய இயந்திரத்தில், பழைய கூம்பு வழியாகக் கேட்பதற்காகவே உருவானது, கணினியில் கேட்பது அதே அனுபவம் ஆகாது. இதில் உண்மை இருக்கிறது. சாவி கொடுத்த சுருள்வில்லின் உறுமலும், கூம்பிலிருந்து வரும் அந்தக் கனத்த குரலும் பண்பாட்டு மரபின் பகுதிதான். அடுத்த தலைமுறைக்கும் அவற்றைக் காட்டவேண்டும். ஆனால் அதற்குப் பழுப்பு உருளையைப் பலிகொடுக்கத் தேவையில்லை. எடிசன் 1912-ல் கொண்டுவந்த நீல ஆம்பரோல் உருளைகளின் மேற்பரப்பு செல்லுலாய்டு, உள்ளீடு பாரிஸ் சாந்து. அவை உறுதியானவை, ஏராளமாகக் கிடைப்பவை, பூஞ்சை எளிதில் அண்டாதவை. அச்சில் வார்த்த கறுப்பு உருளைகளிலும் பல பிரதிகள் உள்ள தலைப்புகள் உண்டு. பழைய இயந்திரத்தின் சுகத்தை அவற்றில் அனுபவிக்கலாம். வேறு பிரதி இல்லாத உருளையைப் பழைய எடைமிக்க ஊசிக்குக் கீழே வைப்பது, எஞ்சியிருக்கும் ஒலியைச் செலவழித்து ஒருவர் இரண்டு நிமிடம் மகிழ்வது மட்டுமே.

ஒலியைச் சேதமில்லாமல் எடுக்கும் வழிகள் இப்போது இருக்கின்றன. முதலாவது, மின் ஊசிமுனையால் மிகக் குறைந்த அழுத்தத்தில் படிப்பது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி ஷமூ வடிவமைத்த ஆர்க்கியோஃபோன் இந்த வகை. சான்டா பார்பரா நூலகம் அதைக்கொண்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகளை இணையத்தில் எவரும் கேட்கும்படி ஏற்றியிருக்கிறது. இரண்டாவது, தொடாமலே படிப்பது. துகள் இயற்பியல் சோதனைக் கருவிகளுக்காகப் பயன்படுத்திய நுண் அளவீட்டு முறையை, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபடேயெவும் ஒலித்தடங்களுக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளொளியின் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு ஆழத்தில் குவியும்படி ஒரு வில்லையின் வழியே செலுத்தினால், எந்த நிறம் கூர்மையாகத் திரும்பி வருகிறது என்பதை வைத்து அந்தப் புள்ளியின் உயரத்தைக் கணிக்கலாம். உருளையைச் சுழற்றி இப்படிப் புள்ளி புள்ளியாக அளந்தால் மேற்பரப்பின் உயர வரைபடம் கிடைக்கிறது. அதில் ஊசி ஓடினால் எப்படி அசையும் என்று கணினி கணக்கிட்டு ஒலியாக்குகிறது. விரிசல் விட்ட, ஊசி தாங்காத உருளையும் இப்படிப் பேசும். ஓர் உருளையை அளக்கவே நெடுநேரம் ஆகும் என்பதும், நல்ல நிலையில் உள்ள உருளைக்கு மெல்லிய ஊசியே போதும் என்பதும் உண்மைதான். பூஞ்சை தின்ற பகுதியை எந்த ஒளியாலும் மீட்க முடியாது. அதனால்தான் இதில் காலம் தாழ்த்தக்கூடாது.

இன்னொரு மறுப்பு கனமானது: 130 ஆண்டு தாங்கிய மெழுகைவிட, சில ஆண்டுகளில் பழுதாகும் வன்தட்டு எப்படி நம்பத்தக்கது? தனித்தனிப் பொருளாக ஒப்பிட்டால் இந்த ஐயம் நியாயமானதே. ஆனால் காப்பாற்றுவது பொருளின் ஆயுள் அல்ல, பிரதிகளின் எண்ணிக்கை. மெழுகிலிருந்து மெழுகுக்குப் படியெடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒலி குன்றும். எண்ணாக மாறிய ஒலியை எத்தனை முறை படியெடுத்தாலும் குன்றாது. பிரதிகளே காக்கும் என்ற உண்மையைப் பெர்லின் போனோகிராம் ஆவணக் காப்பகம் எண்முறை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே உணர்ந்திருந்தது. 1900-ல் கார்ல் ஸ்டும்ப், சயாம் நாட்டு இசைக்குழுவைப் பதிவுசெய்ததில் தொடங்கிய அந்தக் காப்பகம், மெழுகின் மேல் மின்முலாம் முறையில் செம்பு படியவைத்து எதிரச்சு எடுத்தது. அந்த முயற்சியில் மூல உருளை அழிந்துவிடும்; ஆனால் செம்பு அச்சிலிருந்து புதிய பிரதிகளை வார்த்து மற்ற காப்பகங்களுக்கும் அனுப்ப முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்குப் போய், கிழக்கு பெர்லினுக்குத் திரும்பி, 1990களில் பழைய இடத்துக்கே வந்த அந்தத் தொகுப்பு இன்றும் பயன்படுவதற்குச் செம்பு அச்சுகளே பெரிய காரணம். யுனெஸ்கோ அதை 1999-ல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. பிரதி எடுப்பதற்காக மூலத்தை இன்று யாரும் அழிக்கவேண்டியதில்லை. பாசமாகுவாடி உருளைகளை 1980களில் ஒருமுறை படியெடுத்தார்கள். பிறகு மேம்பட்ட கருவிகளால் மீண்டும் எடுத்தபோது முன்பு புரியாத சொற்கள் தெளிந்தன. நல்ல பிரதியும் வேண்டும், பத்திரமான மூலமும் வேண்டும்.

பகிர்வதற்கு எல்லை உண்டா? உண்டு. வணிகப் பதிவுகளைப் பொறுத்தவரை சிக்கல் குறைந்துவிட்டது; 2018-ல் வந்த சட்டத்தின்படி 1923-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமை. பழங்குடிச் சடங்குப் பாடல்களின் நிலை வேறு. பாடியவரின் சமூகம் வெளியார் கேட்கக்கூடாது என்று கருதும் பாடலை, உருளை தன்னிடம் இருக்கிறது என்பதற்காக ஒருவர் இணையத்தில் ஏற்றுவது அத்துமீறல். பாசமாகுவாடி மக்களிடம் ஒலிகளைத் திருப்பிக் கொடுத்தபோது, எவை பொதுவில் கேட்கலாம், எவை தங்களுக்குள் இருக்கவேண்டும் என்று அவர்களே முடிவுசெய்தார்கள். இந்த எல்லை என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை. உரியவரிடம் ஒலி போய்ச்சேர வேண்டும் என்பதே அதன் சாரம். எல்லாப் பதிவுக்கும் உலகம் முழுவதும் உரிமை கோரமுடியாது.

ஆகவே மெழுகு உருளை கையில் உள்ளவர் செய்யவேண்டியது பெரிய செலவுள்ள வேலை அல்ல. முதலில், என்ன இருக்கிறது என்று தெரியாத பழுப்பு உருளையை ஒருமுறைகூடப் பழைய இயந்திரத்தில் ஓட்டக்கூடாது. செங்குத்தாக நிறுத்தி, ஈரமும் வெப்ப ஏற்ற இறக்கமும் இல்லாத இடத்தில் வைக்கவேண்டும். பழைய பெட்டியையும் உள்ளிருக்கும் துண்டுச்சீட்டையும் எறியாமல், உருளையைப் புதிய, அமிலமற்ற பெட்டிக்கு மாற்றவேண்டும். யார், எங்கே, எப்போது என்பதற்கு அந்தச் சீட்டே ஒரே சாட்சியாக இருக்கலாம். தரமான கருவியுள்ள காப்பகத்தில் ஒலியை எடுக்கச்செய்து, இரைச்சல் நீக்காத மூலக் கோப்பையும் கேட்டு வாங்கவேண்டும். இரைச்சலை நீக்கும் முறைகள் மேம்படும். நீக்கிய ஒலி திரும்ப வராது. கடைசியாக, அந்தக் கோப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கவேண்டும். எடிசன் நிறுவனம் 1929-ல் இசைப்பதிவுத் தொழிலையே விட்டு விலகியது. அந்தக் காலத்து உருளைகள் இனிப் புதிதாக வரப்போவதில்லை. இருப்பவற்றில் எத்தனை பேசும் என்பதை, இன்று அவற்றை வைத்திருப்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். வாங்கிச் சேர்த்தவர்களே, உங்கள் அலமாரியில் உள்ள குரல்களைத் தேயும் முன் வெளியே விடுங்கள்.